வீதி வந்துவிட்டது, தரிப்பிடம் எங்கே?

கிழக்குக் கரையோரம் குடும்பமாகப் பயணம் போகும் காலம் திரும்பியிருக்கிறது. அடுத்து வரப்போவது கரவன் வண்டி. அதை வரவேற்பதற்கு முன்னால் கதிரவெளி போன்ற ஊர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இன்றைக்குச் சில மணித்தியாலங்களில் ஓடி முடிக்கிற இந்தத் தூரம், ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரு முழு நாளை விழுங்கியது. வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை இறங்கி, பாதை என்னும் மிதவை வரும்வரை காத்திருந்து, வாகனத்தை அதில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். பாதை பழுதானால் அன்றைய பயணம் அவ்வளவுதான். பிறகு போர் வந்து வீதியையே மூடிப்போட்டது. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன, காபெற் வீதியும் வந்தது. வாகரை, கதிரவெளி, வெருகல் எல்லாம் இடைமுறியாத ஒரே நெடுஞ்சாலையில் அமர்ந்த ஊர்களாயின. ஆனால் வீதியோரம் இருப்பதால் மட்டும் ஓர் ஊருக்கு வருமானம் வந்துவிடாது. வாகனம் நிற்க வேண்டும், நின்றவர் இறங்க வேண்டும், இறங்கியவர் ஏதாவது வாங்க வேண்டும், முடிந்தால் ஓரிரவு தங்க வேண்டும். ஏ15இல் இப்போது நடப்பது பெரும்பாலும் கடந்துபோதல்தான்.

கடந்துபோகிறவர்கள் யார் என்று பார்த்தால், இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பாடசாலை விடுமுறையில் ஹயஸ் வானொன்றை வாடகைக்குப் பிடித்து, அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை ஏற்றிக்கொண்டு, பாயும் காஸ் அடுப்பும் சோற்றுப் பானையும் பின்னால் அடுக்கி, கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று சுற்றுகிற உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு வகை. யூலை, ஓகஸ்ற்றில் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச்சிலிருந்து வந்து சொந்தக்காரரோடு கரையோரம் போகிறவர்கள் இன்னொரு வகை. மேற்கிலும் தெற்கிலும் கடல் குமுறுகிற அந்த மாதங்களில்தான் கிழக்குக் கடல் குழந்தைகள் இறங்கிக் குளிக்கும் அளவுக்கு அமைதியாகக் கிடக்கிறது. வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் இந்தப் பருவமும் ஒன்றாக அமைந்தது கிழக்குக்கு வாய்த்த நற்பேறு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய கரவனில் ஐரோப்பியக் கடலோரங்களைச் சுற்றிப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் அதைத்தான் தேடுவார்கள். பழைய வான்களையும் பஸ்களையும் அப்படி மாற்றி வாடகைக்கு விடும் தொழில் இலங்கையில் சிறிய அளவில் தொடங்கியும்விட்டது. ஆகவே கரவன் வருமா வராதா என்பது கேள்வியல்ல. வரும்போது அது யார் காணியில் நிற்கும், அதன் கழிவை யார் வாங்குவார், அதற்கு விலை சொல்லும் உரிமை யாருக்கு என்பவைதான் கேள்விகள். இவற்றுக்கு விடை ஊரின் கையில் இருந்தால் கரவன் இந்தக் கரைக்கு நல்லது. இல்லாவிட்டால், பாசிக்குடாவில் நடந்ததைவிடவும் மோசமானது நடக்கலாம்.

தன்னிறைவு யாருக்கு லாபம்?

கரவனை விற்பவர்கள் முதலில் சொல்வது அதன் தன்னிறைவைத்தான். ஹோட்டல் தேவையில்லை, சாப்பாட்டுக் கடை தேவையில்லை, விரும்பிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பயணிக்கு இது பெரிய வசதி. ஊரின் பக்கம் நின்று பார்த்தால் இதே வசதி நட்டமாகத் தெரியும். கொழும்பில் அரிசி பருப்பு வாங்கி, தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, கதிரவெளிக் கடற்கரையில் ஓரிரவு படுத்து, விடிய எழும்பிப் போகிற குடும்பம் ஊருக்கு விட்டுப்போவது குப்பையையும் கழிவையும் மட்டுமே. ஹோட்டல்காரர் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் ஓர் அறை துடைப்பவருக்காவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். தனியே நிற்கும் கரவன் அதைக்கூடக் கொடுக்காது.

கழிவு என்பதைப் பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. கரவனில் வழக்கமாக இருப்பது இழுத்து எடுக்கக்கூடிய ஒரு பெட்டிக் கழிவறை. அதன் கொள்ளளவு 20 லீற்றருக்குக் கிட்ட. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு நாளில் நிரம்பிவிடும். நாற்றம் வராமலிருக்க அதற்குள் ஊற்றும் இரசாயனம் சாதாரண மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்களையும் கொல்லக்கூடியது. இதைக் கொட்டுவதற்கென்று மூடிய தொட்டி இல்லாத ஊரில், அது போய்ச் சேரும் இடம் பற்றை அல்லது களப்பு. கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி எல்லாம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் வயலும் காடுமாகக் கிடக்கிற மணல் நிலம்கொண்ட ஊர்கள். இங்கே கிணறு ஆழமில்லை. உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரைத்தான் மக்கள் அள்ளுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளைப் பலமுறை இறைத்துத் துப்புரவு செய்தபோது, அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர் குறையாமல் கூடியதாக மட்டக்களப்பில் நடந்த ஆய்வுகள் பதிவு செய்தன. மழைதான் மெல்ல மெல்ல அதைக் கழுவியது. அவ்வளவு நொய்மையான நீர் இது. மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது.

நியூஸிலாந்து இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கஷ்டப்பட்டே படித்தது. அந்த நாட்டில் திறந்தவெளியில் நிறுத்தித் தங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2011இல் வந்தது. கழிவு பற்றிய முறைப்பாடுகள் ஓயவில்லை. 2023இல் சட்டத்தை இறுக்கி, உள்ளூராட்சிச் சபைகளின் நிலத்தில் இப்படித் தங்கும் வாகனத்தில் நிலையாகப் பொருத்திய கழிவறையும் அதற்கான சான்றும் பொதுவாகக் கட்டாயம் என்றார்கள். பணமும் நிர்வாகமும் உள்ள நாட்டுக்கே பன்னிரண்டு ஆண்டு பிடித்த வேலை இது. வண்டிகள் பெருகிய பிறகு விதி செய்வதைவிட, ஒன்றிரண்டு வண்டிகள் மட்டும் ஓடும் இப்போதே விதி செய்வது மலிவு என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பாசிக்குடா சொல்லும் கணக்கு

அப்படியானால் கரவனே வேண்டாம், ஹோட்டல் வரட்டும், வேலையாவது கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சோதனை கதிரவெளிக்குத் தெற்கே, ஏறத்தாழ ஒரு மணித்தியால ஓட்டத்தில், ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. போருக்குப் பின் பாசிக்குடா சுற்றுலா வலயமாக ஒதுக்கப்பட்டு, 2011 தொடக்கம் வரிசையாக உல்லாச விடுதிகள் எழுந்தன. செபா என்று அறியப்படும் கொழும்பு ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட பாசிக்குடா ஆய்வு, எதிர்பார்த்த அளவுக்கு உள்ளூர்வாசிகளுக்குப் பயன் போய்ச் சேரவில்லை என்பதையும், மீனவருக்குக் கரையில் இருந்த இடம் சுருங்கியதையும் எடுத்துக்காட்டியது. கரைவலை இழுப்பதற்கும் தோணி ஏற்றுவதற்கும் மணலில் அகலம் வேண்டும். விடுதியின் முற்றமாக மணல் மாறும்போது அந்த அகலம்தான் முதலில் போகிறது. 2018இல் 23 இலட்சம் வெளிநாட்டவர் வந்த நாட்டுக்கு, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் 2020 பெருந்தொற்றும் 2022 பொருளாதார நெருக்கடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டடத்தில் போட்ட முதல் அப்போதெல்லாம் முடங்கிக் கிடந்தது. வேலையிழந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

இந்த இடத்தில்தான் தரிப்பிடத்தின் அனுகூலம் தெரிகிறது. நிழல், தண்ணீர், மின்சாரம், மூடிய கழிவுத் தொட்டி, இரவில் ஒரு காவலாளி. ஐந்தாறு வண்டி நிற்கும் நிலத்துக்கு இவ்வளவும் போதும். கரையை அடைக்க வேண்டியதில்லை. ஒரு பருவம் ஆள் வராவிட்டால் கடனில் மூழ்க வேண்டியதில்லை. அதே நிலத்தை மாரியில் வேறு தேவைக்குப் பயன்படுத்தலாம். கேரள அரசு 2021இல் அறிவித்த கரவன் கொள்கை, வண்டி நிறுத்தும் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ற் காணி போதும் என்றது. அந்தக் கொள்கையின் பலவீனமும் கவனிக்கத்தக்கது. முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை இலட்சம் இந்திய ரூபாய் அல்லது முதலீட்டில் 15 வீதம் என்று, வண்டி வாங்குகிறவருக்கே மானியம் முன்னே நின்றது. வாகமனில் 2022இல் முதற்பூங்கா திறந்தும் திட்டம் நினைத்த வேகத்தில் ஓடவில்லை. வண்டி வாங்கியவருக்குக் கொண்டுபோய் நிறுத்த இடம் வேண்டுமே. இலங்கையிலோ 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது, வரியும் கழுத்தை நெரிக்கிறது. இங்கே வண்டிக்கு மானியம் கொடுத்தால் அது கொழும்பிலுள்ள நாலைந்து முதலாளிகளோடு நின்றுவிடும். அதே பணத்தைத் தரிப்பிடத்தில் போட்டால் அதில் கரவனும் நிற்கும், ஹயஸ் வானும் நிற்கும், முச்சக்கர வண்டியில் நாடு சுற்றும் வெள்ளைக்காரரும் நிற்பார்.

யாத்திரைக்குப் பழகிய கரை

இது இந்த மண்ணுக்கு ஒட்டாத வெள்ளைக்காரப் பழக்கம் என்று இன்னோர் ஆட்சேபம் எழும். கரவன் அப்படி வந்ததுதான். ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் குதிரை பூட்டிய வண்டியொன்றைச் செய்வித்து இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை போனதை இன்பப் பயணக் கரவனின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் வீட்டையே கட்டிக்கொண்டு கரையோரம் போவது கிழக்குக்குப் புதிதல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று இறங்கி, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை இதே கரையால்தான் போகிறது. போர்க்காலத்தில் அறுந்த அந்த வழக்கம் மறுபடி உயிர்பெற்று நடக்கிறது. கிழவிகள், பிள்ளைகள், சாமான் மூட்டை, ஆங்காங்கே கூட வரும் லான்ட்மாஸ்ரர். வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு ஆவணித் திருவிழாவுக்கு வருகிற குடும்பங்களும் ஆற்றங்கரையில் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்கள்தான்.

யாத்திரை வேறு, உல்லாசம் வேறு என்பது சரி. ஆனால் யாத்திரை இத்தனை காலம் ஊருக்குப் பாரமாகாமல் நடந்ததன் காரணத்தைப் பார்க்க வேண்டும். யாத்திரிகர் எங்கே வேண்டுமானாலும் படுப்பதில்லை. கோயில் வீதி, மடம், தண்ணீருள்ள கிணற்றடி என்று தரிக்கும் இடம் முன்கூட்டியே தீர்ந்திருக்கிறது. யார் அன்னதானம், யார் தண்ணீர்ப் பந்தல் என்பதும் ஊருக்குத் தெரியும். வருகிறவர் ஊரைச் சார்ந்திருக்கிறார், அதனால் ஊருக்கு அவர்மேல் ஒரு பிடி இருக்கிறது. கரவனில் இல்லாதது இந்தப் பிடிதான். அதை ஏற்படுத்துவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கோயில் பரிபாலன சபை, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று கணக்கு எழுதத் தெரிந்த அமைப்புகள் ஊரிலேயே இருக்கின்றன. தரிப்பிடம் அவர்கள் பொறுப்பில் இருந்தால், காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுப்பது யார், களப்பு நண்டும் இறாலும் யாரிடம் வாங்குவது, தோணியில் யார் கூட்டிக்கொண்டு போவார் என்பதெல்லாம் அங்கேயே தீரும்.

விதி யார்மேல் விழும்?

விதி வேண்டும் என்று எழுதும்போதே ஓர் எச்சரிக்கையையும் எழுத வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் கரவன் இடங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டம், விடுமுறைக்காரருக்கு ஒழுங்கான பூங்காக்களைக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக வண்டியிலேயே வாழ்ந்த ஜிப்சிகளுக்கோ தரிக்க இருந்த இடங்களும் போயின. அதைத் திருத்த 1968இல் உள்ளூராட்சிச் சபைகள் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1994இல் அந்தக் கடமையையும் எடுத்துவிட்டார்கள். பொழுதுபோக்குக்காகப் பயணிக்கிறவனுக்குச் செய்த விதி, வாழ்வதற்காகப் பயணிக்கிறவனைத் துரத்திய கதை இது. கதிரவெளிக் கரையில் அந்த இடத்தில் யார் நிற்பார்கள்? பருவத்துக்குப் பருவம் வாடி அடித்துத் தங்கும் மீனவர், கதிர்காமத்துக்கு நடப்போர், பிறகு இந்தக் கரையின் வேடர். 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய நூலிலேயே இடம்பெற்ற கரையோர வேடர் இன்று தமிழ் பேசிக்கொண்டு வாகரை, கதிரவெளி, வெருகல் பக்கங்களில் கடலையும் காட்டையும் நம்பி வாழ்கிறார்கள். கரையில் இரவு தங்கத் தடை என்று ஒற்றை வரியில் ஓர் அறிவித்தல் பலகை நட்டால், அது முதலில் இவர்களைத்தான் எழுப்பிவிடும். ஆகவே பிரதேச சபை செய்யும் துணைவிதி கட்டணம் கட்டும் வாகனத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். வாடியும் யாத்திரையும் வழமையான உரிமை என்று அதே துணைவிதியிலேயே எழுதப்பட வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர் நீர்மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயமாக வகுத்திருக்கிறது. தரிப்பிடத்தை அந்த வலயத்துக்கு வெளியே, வீதியை அண்டி வைத்தால் அனுமதிச் சிக்கலும் குறையும், கரையும் கரைவலைக்கே மிஞ்சும்.

கதிரவெளியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது எளிது, அதைப் பொறுப்போடு சொல்வதுதான் கடினம். கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இங்கே உண்டு. குரங்குபடையெடுத்த வேம்பு என்று ஊர் அழைக்கும் இடம் இலங்கைத் தொல்லியலில் பெயர்பெற்றது. தெற்கே 2019இல் கடல்சார் சரணாலயமாக்கப்பட்ட காயான்கேணிப் பவளப்பாறை, வடக்கே வெருகல் ஆறு. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தோர் தஞ்சமிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின்மேல் இராணுவத்தின் எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படியோர் ஊரில் உல்லாசமா என்ற கேள்வி உணர்ச்சியால் மட்டும் எழுவதில்லை. துக்கத்தைக் காட்சிப்பொருளாக்கும் ஆபத்தும், அதற்கு எதிர்மாறாக, துக்கம் நடந்ததே தெரியாமல் கடற்கரைப் படம் மட்டும் விற்கும் ஆபத்தும் உண்மையிலேயே உள்ளன. எதைச் சொல்வது, எதைக் காட்டாமல் விடுவது என்ற தீர்மானத்தை ஊர்க்காரர் எடுப்பது ஒன்றே இரண்டிலிருந்தும் காக்கும். கொழும்பு நிறுவனத்தின் வழிகாட்டி அதை எடுக்க முடியாது. தொல்லியல் பற்றிய பயமும் காரணமில்லாத பயமல்ல. 2020இல் கிழக்கின் தொல்லியலுக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. ஒரு கல்லைப் பிரபலமாக்கினால் பின்னால் எல்லைக்கல் வரும் என்று மக்கள் அஞ்சுவதற்கு அனுபவம் இருக்கிறது. ஆனால் மறைத்து வைத்தும் காணி தப்பிவிடவில்லை. இல்மனைற் மணல் அகழ்வுக்கும் இறால் பண்ணைக்கும் எதிராக வாகரைப் பிரதேச மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ஆளில்லாத தரிசு என்று காகிதத்தில் காட்டப்படும் நிலத்தைவிட, ஊர்ச் சங்கம் ஒன்று வரியும் கட்டணமும் பற்றுச்சீட்டுமாக நடத்தும் நிலத்தைப் பறிப்பது கொஞ்சமாவது கடினம்.

இவ்வளவுக்கும் வண்டி வருமா, கச்சான் காற்றடிக்கும் யூனில் தகரப் பெட்டிக்குள் யார் படுப்பார் என்று கடைசியாக ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நண்பகலில் இந்த வெயிலில் நிறுத்திய கரவன் அடுப்பில் ஏற்றிய தாச்சிக்குச் சமம். அதனால்தான் இங்கே தரிப்பிடம் என்பது முதலில் மரம். வேம்பும் புங்கும் இன்று நட்டால் நிழல் தரச் சில ஆண்டுகளாகும். வண்டிகள் பெருக எடுக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாரியில் வெருகல் பெருக்கெடுக்கும்போது எவரும் வரப்போவதில்லை, வரவும் கூடாது. வருடத்தில் ஐந்தாறு மாதம் நடக்கும் ஒரு துணைத்தொழிலாகத்தான் இதைக் கணக்கிட வேண்டும். கடலும் வயலும் களப்பும் சோறுபோடும் ஊருக்குச் சுற்றுலாவே முழுச் சோறாக வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம். கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபை துணைவிதியை முதலில் செய்யட்டும். அடுத்து வாகரையிலும் கதிரவெளியிலும் ஒவ்வொரு தரிப்பிடத்துக்குக் காணி ஒதுக்கி, ஊர்ச் சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகையாக எழுதிக் கொடுக்கட்டும். மூடிய தொட்டியும் அதை ஒழுங்காக உறிஞ்சி எடுக்கும் பவுசரும் அதற்குப் பின். விளம்பரம் கடைசியில். மாகாணச் சுற்றுலா அதிகாரிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பதாகையும் திறப்பு விழாவும் முன்னால் வைக்க ஆசைப்படுவார்கள். அப்போது ஊர்க்காரர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே இரவு நிற்கும் வண்டி காசை யார் கையில் கொடுக்கும், எந்தப் பெயரில் பற்றுச்சீட்டு வாங்கும்? அந்தப் பற்றுச்சீட்டில் ஊரின் பெயர் இல்லாத திட்டம் எதற்கும் கதிரவெளி காணி கொடுக்கத் தேவையில்லை.